பத்துக்குப் பத்து

நாமக்கல்லில் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றாலே கோகிலவாணிக்கு வயிறு எரியும். காரணம், மகளோடு படிக்கும் ரித்திகாவின் அம்மா தமிழினி. டீச்சரிடம் அவள் “ஐம், டோன்ட், கான்ட்” என்று வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போவாள். கோகிலவாணி “ஐ... ஆம்...” என்று ஆரம்பிப்பதற்குள் கூட்டமே முடிந்துவிடும்.

“அடுத்த மீட்டிங்குக்கு அப்பாவ வரச் சொல்லும்மா” என்று மகள் சொன்ன அன்றைக்கே, வாட்ஸ்அப்பில் நடக்கும் ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டாள். முகம் தெரியாத ஒரு மிஸ் பாடம் அனுப்புவார். இவள் எழுதி அனுப்பினால் திருத்தித் தருவார்.

மூன்றாம் வாரம் வீட்டுப்பாடம் வந்தது: ‘தெரிந்த ஒருவரைப் பற்றி, பேச்சில் சுருக்கிச் சொல்வதுபோல் ஐந்து வாக்கியம்.’

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘ரித்திகாவின் அம்மா’ என்று தலைப்புப் போட்டாள். ‘ஷீஸ் ப்ரவுட்’ என்று திமிரில் தொடங்கி, ‘ஷி டசன்ட் ஸ்மைல்’ என்று சிரிக்காத முகத்தில் முடித்தாள். மனசு குளிர்ந்தது.

பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. ‘பத்துக்குப் பத்து. ஒரு தப்புகூட இல்லை.’

அந்தத் தெம்பில் அடுத்த கூட்டத்துக்கு அவளே போனாள். தடுமாறாமல் பேசினாள். மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியே வந்தால், கேட்டருகே தமிழினி.

“நல்லாப் பேசறீங்க.”

“ஒரு மிஸ்கிட்டக் கத்துக்கறனுங்க” என்றாள் கோகிலவாணி, வேண்டுமென்றே நிமிர்ந்து. “ரொம்பக் கண்டிப்பு. லேசுல மார்க் போட மாட்டாங்க.”

தமிழினி அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

“தப்பே இல்லாதப்ப எப்படிங்க குறைக்கறது? அந்தக் கடைசி வாக்கியத்த மட்டும் இனி மாத்தி எழுதிப்போடுங்க.”