கண்ணாடி ஓடு

கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த கௌரி, தன் இருட்டறைக்கு ஒரு கண்ணாடி ஓடு போடச் சொல்லி இரண்டு வருடமாக நச்சரித்தாள்.

“கூரையில கை வைச்சால் ஒழுகும், பிள்ளை,” என்பார் வீட்டுக்காரி சிவக்கொழுந்து.

ஒரு காலை சுற்றிவளைப்புச் சோதனைக்கு வந்த பொலிஸ்காரர், அறையை எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிவக்கொழுந்துக்குச் சிங்களம் தெரியாது. கௌரி வேலை செய்யும் கந்தோரில் அதைப் பழகியிருந்தாள்.

“என்னவாம்?”

“அறை இருட்டாக் கிடக்காம், மாமி. சந்தேகப்பட வேண்டி வருமாம்.”

மறுநாளே கண்ணாடி ஓடு கூரை ஏறியது. கௌரியின் மேசையில் வெயில் விழுந்தது. அவள் சமைக்கும் குசினி மட்டும் இன்னும் இருட்டாகவே கிடந்தது.

அடுத்த மாதம் அதே பொலிஸ்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“நல்ல குளிர்ச்சியான அறை என்று அன்றைக்கே சொன்னேனே, ஏன் கெடுத்தீர்கள்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“இப்ப என்னவாம்?” சிவக்கொழுந்து பதறினார்.

“குசினிக்கும் ஒண்டு போடட்டாம், மாமி.”