கோணல் அடிவானம்

ஒரே ஒரு ஊரிலே, அந்த ஊர் டெல்லி என்றே வைத்துக்கொள்ளுங்கள், எதைக் காட்டினாலும் குறை சொல்கிற ஒருவர் இருந்தார். பேர் ஜம்பு. ரிடையர் ஆன பிறகும் ஆர்.கே.புரத்தை விட்டு நகராதவர்.

அன்றைக்குச் சாயங்காலம் மனைவி லீலாவதியோடு பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து பிளாக் இராஜமாணிக்கம் கேமராவோடு வந்து நின்றார்.

"காலையிலே யமுனைக் கரைக்குப் போயிருந்தேன் சார். சூரியன் வர்றப்ப எடுத்தது. எப்படி இருக்கு?"

லீலாவதி எட்டிப் பார்த்தாள். பனிமூட்டத்துக்குள்ளே சிவப்பாய்ச் சூரியன். ஒரு படகு. தண்ணீரை உரசிக்கொண்டு வெள்ளைப் பறவைகள்.

"அடேயப்பா! காலண்டர்லே போடலாம் அண்ணா."

ஜம்பு கேமராவை வாங்கித் தள்ளிப் பிடித்தார். கிட்டே பிடித்தார்.

"அடிவானம் கோணல்."

"கோணலா?"

"தண்ணியெல்லாம் வலது பக்கமா கொட்டிடும் போல இருக்கே! படகு வேற நட்ட நடுவிலே, ரிங் ரோடு டிராஃபிக்லே மாட்டின மாதிரி நிக்குது."

இராஜமாணிக்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

"அச்சா... நாளைக்கு வேற இடத்திலேர்ந்து எடுத்துப் பார்க்கறேன்."

கேமராவை வாங்கிக்கொண்டு மெல்ல நடந்தார்.

லீலாவதிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? அண்ணி போய் இன்னும் வருஷம் திரும்பலை. ஒண்டி மனுஷன். நல்லா இருக்குன்னு சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்? போன வாரம் மேகம் போதாதுன்னீங்க. மேகத்துக்கு அவர் என்ன பண்ணுவார்?"

ஜம்பு அவள் பக்கம் திரும்பினார்.

"தீபாவளி சமயத்திலே, பால்கனியிலேர்ந்து வானத்தை எடுத்துக் காட்டினாரே, அதுக்கு என்ன சொன்னேன்?"

"பிரமாதம், இதுக்கு மேலே யாராலயும் எடுக்க முடியாதுன்னீங்க. அதிசயமா!"

"அன்னிக்குக் கேமராவை உள்ளே வெச்சவர்தான். கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துட்டார். பால் பாக்கெட்கூட வாசல்லயே கிடந்துது. நாமதானே போய்த் தட்டி எழுப்பினோம்?"

"ஆமா..."

"ஒரு குறை சொன்னாத்தான் லீலா, அந்த மனுஷன் மறுநாள் எழுந்து சட்டையை மாட்டறார்."

லீலாவதி அவரையே பார்த்தாள்.

"அப்போ அந்த அடிவானம்?"

"யாருக்குத் தெரியும்? கண்ணாடியை வீட்டிலேயே வெச்சுட்டு வந்துட்டேன்."

இராஜமாணிக்கம் பார்க் கேட்டை நெருங்கியிருந்தார். லீலாவதி சட்டென்று எழுந்து நின்று குரல் கொடுத்தாள்.

"அண்ணா! இப்பத்தான் தோணுது. அந்தப் பறவைங்க கொஞ்சம் மங்கல்தான்!"

அவர் திரும்பினார்.

"நீங்களுமாம்மா? இருங்க, நாளைக்குக் காட்டறேன் உங்க ரெண்டு பேருக்கும்!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று கேட்டைத் தாண்டிப் போனார்.