அதே கோளாறு

ஹட்டனில் கணினி வகுப்பு நடத்தும் தனுஷிகாவைக் கத்தாரிலிருந்து கணவன் துஷாந்த் தொலைபேசியில் அழைத்தான்.

"மெயில் மேல மெயில் போடுறேன், பதிலே இல்ல. திரும்பவும் அதே கோளாறா?"

"ஆமாங்க. லினக்ஸ் வருது. நெட்வொர்க் சர்வீஸ் மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

"கேபிள் மாட்டுற எடத்துல லைட் எரியுதா?"

"எரியுதுங்க."

"அப்ப கேபிள் சரி. நான் சொல்றத டைப் பண்ணு."

அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். அவள் மெதுவாகத் தட்டினாள்.

"சாப்பிட்டீங்களா? இருமல் நின்னுருச்சா?"

"நின்னுருச்சு. நீ என்டர் தட்டு."

நெட்வொர்க் வந்துவிட்டது.

"இனிமே மெஷின் போட்டதும் அதுவே ஸ்டார்ட் ஆகிரும். போன் எடுக்கத் தேவையில்ல, மெயிலே போதும்" என்று நிம்மதியாக வைத்தான்.

அவளிடம் லினக்ஸ் படிக்கும் கேதீஸ்வரி டீச்சர் பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, போன கிழமை இதை எங்களுக்குப் படிப்பிச்சதே நீர்தானே?"

தனுஷிகா சிரித்தாள்.

"மெயில்ல ரெண்டு வரிதான் எழுதுவாரு, டீச்சர். இருமல் நின்னுச்சான்னு அதுல எப்படிக் கேக்கும்?"

பிறகு, நெட்வொர்க் தானாகத் தொடங்காதபடி மறுபடியும் மாற்றிவைத்தாள். இந்த முறை வேகமாகத் தட்டினாள்.