முயலைக் கண்டு உட்கார்ந்த நாய்

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். சின்னக் கதை ஒன்று சொல்கிறேன். கையில் இருக்கும் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

முயல் ஓடியது. நாய் ஓடவில்லை.

"பிடியடா ரொக்கட்!" என்று கத்தியபடி புவனேந்திரன் கழுத்து வாரைக் கழற்றி விட்டிருந்தார். ரொக்கட் முயலைப் பார்த்தது, காதை நிமிர்த்தியது. பிறகு ஈரப் புல்லில் மெல்ல உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து வாயை நக்கியது.

"அண்ணை, முயல் வேலியும் தாண்டிட்டுது. உங்கட ஆள் பஸ்சுக்குக் காத்துக்கொண்டு இருக்கிறார்" என்று சிரித்தார் கூட வந்த நவரத்தினம். "வீட்டில மனிசி கறிக்குத் தேங்காய்ப்பால் பிழிஞ்சு வச்சிட்டாள். நான் போய் என்னத்தைச் சொல்ல?"

விலா எலும்பு தெரிய யாரோ தெருவில் கைவிட்ட வேட்டை நாய் அது. நாய்கள் காப்பகத்திலிருந்து அதை எட்மண்டன் நகரத்து வீட்டுக்குக் கூட்டி வந்தவர் புவனேந்திரன். சரிவராவிட்டால் திருப்பிக் கொண்டுவரலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். "ஓடினா இருக்கட்டும், ஓடாட்டி அனுப்பிடுவன்" என்று மனைவி சுசிலாவிடம் அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

மாரிக் குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் பழக்கினார். முயல் தொல்லை தாங்காத ஒரு பண்ணைக்காரர் தன் நிலத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். நீளக் கயிற்றில் கட்டி, முயல் தோலை இழுத்து ஓட வைத்து, விசிலுக்குத் திரும்பி வந்தால் அவித்த கோழித் துண்டு. தோலுக்குப் பின்னால் ரொக்கட் பறந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஊரெல்லாம் பெருமை பேசினார். உயிருள்ள முயலுக்கு முன்னால் அவிழ்த்துவிட்டது இன்றுதான் முதல்தரம்.

அடுத்த முயல் வந்தது. நாய் மறுபடியும் உட்கார்ந்தது.

நவரத்தினத்துக்குப் பசித்தது. சுசிலா கட்டிக் கொடுத்திருந்த பொதியைப் பிரித்து உளுந்து வடை ஒன்றைக் கடித்தார். அவ்வளவுதான், ரொக்கட் பாய்ந்து வந்து அவர் முழங்காலில் தலையை வைத்து முனகியது.

"அட! இவர் முயலுக்கில்லை அண்ணை, வடைக்காகத்தான் குந்தினவர். ஆர் இவருக்கு இதைப் பழக்கினது?"

புவனேந்திரனும் சிரிக்கத்தான் போனார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வெங்காயம் போடாத வடை அது, வைரவருக்குப் படைக்கிற வடை. நாய் வைரவரின் வாகனமாயிற்றே என்று சுசிலா ஒருநாளும் அதை ரொக்கட் என்று கூப்பிட்டதில்லை. அவளுக்கு அது "வைரவர்"தான்.

மத்தியானம் வீட்டு வாசலில் வெறும் வாரோடு நின்றார். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சுசிலா கதவைத் திறந்தாள்.

"ஐயோ, அறுத்துக்கொண்டு ஓடிட்டாரோ?"

"ஓடினாத்தானே! முயலைக் கண்டிட்டு உன்ரை வடைக்குக் குந்திக்கொண்டு இருந்தவர். உண்மையைச் சொல்லு, ஆர் பழக்கினது?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "நான்தான். நீங்கள் காலமை ஷிப்டுக்குப் போனாப் பிறகு ஆத்தங்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போறனான். நான் அங்கை பார்க்கில போட்டிருக்கிற வாங்கில குந்தி இருப்பன். முயலைக் கண்டா இழுப்பார். இழுக்காமக் குந்தி இருந்தா ஒரு துண்டு வடை குடுப்பன். இப்ப தானாவே குந்தி இருந்திடுவார். உங்களோட வந்தா ஓடுவார் எண்டுதான் நினைச்சன்."

"குளிருக்கை நிண்டு நான் ஓடப் பழக்க, நீ குந்தி இருக்கப் பழக்கினியோ?" புவனேந்திரனின் குரல் உடைந்தது. "பக்கத்தில இருந்துகொண்டே குழி பறிச்சிட்டாய். நவரத்தினத்துக்கு முன்னால நான் மூஞ்சையைத் தூக்க ஏலாமல் நிண்டன். வேற ஆரும் செய்திருந்தாத் தாங்கியிருப்பன். நீ செய்திட்டியே சுசி!"

"அவர் எங்கை?"

"காப்பகத்தில. வாற வழியிலயே திருப்பிக் குடுத்திட்டன்."

"குடுத்திட்டியளோ? உங்களுக்குப் பின்னால வாலை ஆட்டிக்கொண்டு வந்திருப்பாரே."

"வந்தவர்தான். அதுக்கு? ஓடாததை வச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?"

சுசிலா மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றி, கீழ்ப்படியில் மெல்ல உட்கார்ந்தாள். அவர் அதைக் கோபமென்றே நினைத்தார்.

"வைரவர் இழுத்தா நான் விழுந்திடுவன்" என்றாள். "ஆத்தங்கரையில விழுந்தும் இருக்கிறன். எழும்பும் மட்டும் பக்கத்திலயே நிண்டவர். அதுக்குப் பிறகுதான் வடை குடுத்துப் பழக்கினனான்."

"நீ ஏன் விழுறாய்?"

"காலுக்குப் போற நரம்பு கொஞ்சங் கொஞ்சமாச் செத்துக்கொண்டு போகுதாம். போன மாசம் ஆஸ்பத்திரியில சொன்னவை. இனி மாறாதாம், நடக்கவும் ஏலாமல் போகுமாம். நீங்கள் நாயோட சந்தோசமாத் திரிஞ்சியள், முதல் முயலைப் பிடிச்சுக்கொண்டு வரட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன்."

புவனேந்திரன் அவள் கால்களைப் பார்த்தார். சுசிலா அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப, என்னை எங்கை குடுக்கப் போறியள்?"

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் ஒருவரும் இப்படிக் கேட்க வேண்டிய நாள் வராதிருக்கட்டும். ஓட முடியாதவருக்கும் உங்கள் வாசல் என்றும் திறந்தே இருக்கட்டும்.