வீடு தேடி வந்த ஓட்டு

"என்னது, கையெழுத்துப் போட மாட்டியா?"

உமாதேவிக்குச் சுர்ரென்று ஏறியது.

கூடத்தில் பாய் விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் அங்கன்வாடி ஜக்கம்மா. தேர்தல் வந்தால் பழனிசெட்டிபட்டியில் அந்தத் தெருவுக்கு அவள்தான் பி.எல்.ஓ., வாக்குச்சாவடி அலுவலர். நடக்க முடியாதவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடுவதற்கான படிவத்தோடு மூன்றாவது தடவையாக வந்திருக்கிறாள்.

"இன்னைக்குத்தான்க்கா கடைசி நாளு. சாயங்காலத்துக்குள்ள நான் ஆபீஸ்ல குடுத்தாகணும்," என்றாள் பாவமாக.

படிவம் யாருக்காக வந்ததோ அந்தச் சந்தனம்மாள், உமாதேவியின் நாத்தனார், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு வயது. சின்னதில் வந்த போலியோவில் இரண்டு காலும் போனது.

"நான் பள்ளிக்கூடத்துக்கே போயி போட்டுக்கிறேன் மதினி."

"எப்பிடிப் போவ, பறந்தா? நம்ம வாசல்லயே மூணு படி. இந்த வெயில்ல உன்னையத் தள்ளிக்கிட்டு யாரு வருவா? நான்தான் வரணும். எனக்கு முட்டி வலி உசுரு போகுது."

முட்டி வலிக்குக் காரணமானவர் உள்ளேயிருந்து வந்தார். அய்யாத்துரை. உமாதேவியின் கணவர், சந்தனம்மாளின் அண்ணன், கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். ஆறு மாதமாக வீட்டைக் காலனிய நீக்கம் செய்துகொண்டிருக்கிறார்; வெள்ளைக்காரன் கொண்டுவந்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாதாம். சோபா மாடிக்குப் போய்விட்டது. சாப்பாட்டு மேசையை விற்றாயிற்று. உட்காருவது, சாப்பிடுவது எல்லாம் தரையில்தான். டீத்தூள் வாங்கக் கூடாது. கூடத்தில் மாட்டியிருந்த, அணை கட்டிய வெள்ளைக்கார இன்ஜினியர் பென்னிகுக் படத்தைக்கூடக் கழற்றிவிட்டார்.

அன்றைக்கு நடந்த சண்டை தெருவுக்கே கேட்டது.

"அந்த மனுசன் கட்டுன அணைத் தண்ணியிலதான உங்கப்பா ரெண்டு போகம் நெல்லு வெளைய வச்சாரு? அந்தச் சோத்தத் தின்னுதான உங்களுக்கு இம்புட்டு வாயி?"

"கல்லும் மண்ணும் சொமந்து செத்தது நம்ம ஆளுக. அவுக படம் எங்க? உன் கான்வென்ட்டு மூளைக்கு இதெல்லாம் ஏறாது உமா."

இன்றைக்கும் அதே தோரணையில்தான் வந்து நின்றார்.

"சந்தனம், நல்லா யோசி. வரிசையில நிக்க வச்சு நம்மள அடக்கிப் பழக்குனதே வெள்ளைக்காரன்தான். நீ இருக்கிற எடத்துக்கு அரசாங்கம் வந்து கைகட்டி நிக்கப்போகுது. இதுதான் நெசமான விடுதலை. நமக்குன்னு ஒரு குரல் இருக்குல்ல, அத நாம மீட்டு எடுக்கணும்."

"அண்ணே, நான் என்ன சொல்றேன்னா..."

"நீ இரு, நான் முடிச்சிர்றேன். அடிமைப் புத்தி போகணும்."

"வரிசையில நிக்கத் தெரியாமத்தான் ரேசன் கடையில தலைமுடியப் பிடிச்சுக்கிறோம்," என்றாள் உமாதேவி. "ஆனா வீட்டுல போடுறதுதான் சரி. அதுல மட்டும் உங்க அண்ணன் சொல்றது நியாயம்."

ஜக்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். இவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போய் அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

உமாதேவிக்கு அதற்கு மேல் பொறுமையில்லை. படிவத்தைப் பிடுங்கி, பேர், தகப்பனார் பேர், கதவு எண் எல்லாவற்றையும் மளமளவென்று எழுதினாள்.

"இந்தா, எல்லாம் ஆச்சு. கீழ ஒரே ஒரு கையெழுத்து."

சந்தனம்மாள் வாங்கிப் பார்த்தாள். "போன் நம்பர் உங்க நம்பரா இருக்கே மதினி?"

"உன் நம்பர் எவளுக்கு ஞாபகம் இருக்கு? போடு கையெழுத்த."

சந்தனம்மாள் தாளை மடித்து ஜக்கம்மாவிடமே நீட்டினாள்.

"திமிரு!" என்றாள் உமாதேவி. "அவனவன் ஓட்டுப் போடப் போக வழியில்லாம கெடக்கான். வீடு தேடி வர்றத இவ வேண்டாங்கிறா. சொல்லிட்டேன், நான் கூட்டிக்கிட்டுப் போக மாட்டேன். அன்னைக்கு ஓட்டு போச்சேன்னு அழுதா என் காதுல விழாது."

"வேண்டாம் மதினி. வீரணன் ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு. தூக்கி ஏத்த அவன் சம்சாரமும் வர்றா."

"எங்களக் கேக்காமயா?" என்றார் அய்யாத்துரை. "உனக்கு நான் என்னம்மா கொற வச்சேன்?"

ஜக்கம்மா சங்கடமாக நெளிந்தாள். "சந்தனக்கா, போன தடவ வீட்டுலதான போட்டீக? வந்த ஆளுக ஏதும் மொகம் சுளிச்சாகளா? சொல்லுங்க, நான் மேல சொல்றேன்."

"சேச்சே, தங்கமான மனுசங்க." சந்தனம்மாள் ஊசியை ஜாக்கெட்டில் குத்தி வைத்தாள். "அட்டைய மறைப்பா நிறுத்தி, சீட்டக் கையில குடுத்துட்டுத் தள்ளித்தான் நின்னாக. அண்ணன்தான் எந்தப் பேருக்குப் போடணும்னு அதுக்கு முந்தியே சொல்லிவச்சாக. மதினிதான் நேரமாகுதுன்னு எனக்குத் துணையாளாக் கையெழுத்துப் போட்டு மறைப்புக்குள்ள வந்து, பேனாவ வாங்கி அவுகளே குறி போட்டுட்டாக."

உமாதேவி குனிந்து முட்டியைத் தேய்க்க ஆரம்பித்தாள். அய்யாத்துரை உள்ளே போகத் திரும்பினார்.

"வருத்தமெல்லாம் இல்ல ஜக்கம்மா," என்றாள் சந்தனம்மாள். "ஆளுக்கு ஒரு ஓட்டுன்னுதான சட்டம்? போன தடவ இந்த வீட்டுல இவுக ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்றரை."