வெளியாள் ஒருவர்

திரையில் இருந்த பட்டியலின் மேல் மூலையில் ஒரு பச்சை வட்டம் முளைத்திருந்தது. பக்கத்தில் 'வெளியாள்: 1' என்று இருந்தது.



அது நாற்பத்தொரு பேரின் பட்டியல். வெள்ளிக்கிழமை வேலையை விட்டு அனுப்பப்படப் போகிறவர்கள். இன்று செவ்வாய். இயக்குநரையும் அவளையும் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. பட்டியலின் கடைசிக் கட்டத்தில் 'உரியவரிடம் சொல்லியாயிற்றா?' என்ற கேள்விக்கு நாற்பத்தொரு வரிசையிலும் 'இல்லை' என்றே இருந்தது.

நிறுவனத்தின் கோப்புகள் வெளியே போகாமல் காப்பது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பூட்டக்கா. அச்சு இயந்திரத்தின் பக்கம் அவள் தலை தெரிந்தாலே போதும், "இது கம்பெனி ரகசியம் இல்லக்கா, என் பையனோட வீட்டுப்பாடம்" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டு போவாள்.

வெளியாள் யாராவது கோப்புக்குள் நுழைந்தால் மோப்பம் பிடித்துச் சொல்ல, இரண்டு மாதம் உட்கார்ந்து கணினிக்கு ஒரு விதி எழுதியிருந்தாள். இன்று காலை ஒன்பது மணிக்குத்தான் அதை ஓடவிட்டாள். பதினொன்றரைக்குள் அது முதல் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

எச்சரிக்கை இயக்குநருக்கும் போயிருந்தது. மேசைத் தொலைபேசி அடித்தது.

"யாரும்மா அது?"

"பாத்துட்டே இருக்கேன் சார். அஞ்சு நிமிஷம்."

யார் என்று தெரியவில்லை. எங்கே நிற்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு பச்சைச் சட்டம் பட்டியலில் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து. ஆறு. ஏழு. வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்கிற ஆள்.

அவள் எழுந்து தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கணக்குப் பிரிவில் ஒருவர் கைபேசி மேல் குனிந்திருந்தார். அவர் பெயர் பதினான்காவது வரிசையில் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தபோதே கைபேசியைக் காதில் வைத்து யாருடனோ சிரித்தார். அவர் இல்லை.

உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தாள். கருவி: டேப்லெட். அனுமதி: இணைப்பு கையில் உள்ள எவரும் படிக்கலாம், திருத்தலாம். அனுமதி கொடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தான் இயக்குநர் அந்தப் பட்டியலை அவளிடம் ஒப்படைத்தார். எந்தக் கோப்பையும் பூட்டிவிட்டு அப்படியே நம்பிப் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. முதலில் எல்லோருக்கும் திறந்துவிடுவாள். வெளிக் கருவி ஒன்றில் அதற்குள் நுழைந்து பார்ப்பாள். பிறகு பூட்டிவிட்டு, அதே கருவியில் மறுபடி தட்டுவாள். கதவு திறக்காவிட்டால்தான் நிம்மதி. அன்று வெளிக் கருவியாகக் கிடைத்தது வீட்டு டேப்லெட்.

திறந்தாள். நுழைந்தாள். பட்டியலை ஒரு முறை கீழே வரை தள்ளிப் பார்த்தாள்.

பிறகு பூட்டினாளா?

டேப்லெட்டைச் சோபாவில் கவிழ்த்து வைத்ததும், குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றதும் நினைவிருந்தது. பூட்டியது நினைவில் இல்லை. பூட்டவே இல்லை.

எப்படியும் எந்தத் திருடனும் இல்லை என்று ஒரு நொடி மூச்சு வந்தது. அடுத்த நொடி, மகளுக்குக் காய்ச்சல் என்று இன்று கணவர் லீவு போட்டு வீட்டில் இருப்பது உறைத்தது. பொம்மைப் படம் போட்டுக் காட்டத்தான் டேப்லெட்டை எடுத்திருப்பார்.

பச்சைச் சட்டம் பத்தொன்பதில் இருந்தது.

பகிர்வை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். ஒரு பெட்டி வந்து நின்றது: 'காரணம் எழுதுக. குறைந்தது இருபது எழுத்து.' காரணம் சொல்லாமல் யாரும் எந்தப் பூட்டையும் தொடக் கூடாது என்று அவளே வைத்த பெட்டி. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

'தவறுதலாக' என்று அடித்தாள். போதாது என்றது.

இருபத்து மூன்று. இருபத்து நான்கு.

"கீழ போகாதீங்க," என்றாள் திரையைப் பார்த்து, மெல்ல. எழுத்துகள் மாறி மாறி விழுந்தன. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

சட்டம் இருபத்தேழில் நின்றது.

அவருடைய பெயர். கிடங்குப் பொறுப்பாளர். பதினோரு வருட சர்வீஸ். பிறந்த தேதி அவளுக்குப் பார்க்காமலே தெரியும். பட்டியல் அவள் கைக்கு வந்த இந்த மூன்று நாளும் வீட்டில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர். இன்று காலைகூட, "ஏன் முகமே சரியில்ல?" என்று கேட்டவரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சட்டம் அசையவில்லை. மேசைத் தொலைபேசி மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை.

பிறகு அது ஒவ்வொரு கட்டமாக வலப்பக்கம் நகர்ந்து, வரிசையின் கடைசிக்கு, 'சொல்லியாயிற்றா?' கட்டத்துக்குப் போயிற்று. அங்கிருந்த 'இல்லை' அழிந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

அதற்குள் 'ஆம்' என்ற சொல் வந்தது.

அவள் காரணத்தை எழுதி முடிப்பதற்குள், பச்சை வட்டம் தானாகவே வெளியேறிவிட்டது.