அத்தையின் முன்பல்

கடக். கடக். கடக்.

மருமகள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு மாமியார் ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் முன்பல்லால்!

"அத்தை!"

திடுக்கிட்டுத் திரும்பிய மாமியார், வாயில் இருந்ததை அப்படியே விழுங்கினாள்.

"என்னம்மா?"

"என்ன கடிச்சீங்க?"

"ஒண்ணுமில்லியே. தொண்டை வறண்டுது, தண்ணி குடிச்சேன்."

பச்சைப் பொய். மருமகளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஏதாவது சொல்லிவிடப் போகிறோமே என்று பயந்து விடுவிடுவென அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுக்குப் பல் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. உடைந்த பல்லை ஒட்டுகிற பசை ஈரம் பட்டுப்பட்டே நாளடைவில் விட்டுப்போகும். வாய்க்குள் ஈரத்துக்கா பஞ்சம்? எச்சிலில் எவ்வளவு ஊறினாலும் விடாத பசை ஒன்றுக்காக வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தாள். பிடுங்கிய பற்களில் ஒட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்ததில் பசை தேறிவிட்டது. இனி மனுஷர் வாயில் நிற்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து மாமியாரின் முன்பல் பாதியாக உடைந்தது.

"வேற யாரோ எதுக்கு? என் பல்லுல ஒட்டு" என்று அவளே முன்வந்தாள். வீட்டு மனுஷியை ஆராய்ச்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனாலும் கல்லூரியில் அனுமதி வாங்கி, அங்கே பசையைச் சோதிக்கும் பொறுப்பில் இருந்த டாக்டர் அம்மாவே ஒட்டிவிட்டார். அது நின்றால்தான் வெளியாட்களுக்குத் தேதி கொடுப்பேன் என்றும் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கெட்டியா எதையும் முன்பல்லால கடிக்காதீங்க" என்று மாமியாரிடம் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்.

"உங்க அம்மா வேணும்னே பண்றாங்க" என்றாள் மருமகள், அறையில் இருந்த கணவனிடம்.

"எங்கம்மாவா? சேச்சே!"

"முந்தாநேத்து சுட்ட சோளக் கதிரை அப்படியே கடிச்சிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சாச்சு. கல்யாணமான புதுசுலேர்ந்தே என் வேலைன்னா அவங்களுக்கு நக்கல். 'பசை காய்ச்சப் போறியா'ன்னுதானே கேப்பாங்க? என் பசை புட்டுக்கணும், நான் மூக்கறுபட்டு வீட்டோட கிடக்கணும். அதான் ஆசை."

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் செய்வதையே கணவன் இப்போதும் செய்தான். செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

மறுநாள் பரிசோதனை. மாமியார் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். மருமகள் சுவரோரமாக நின்றாள்.

டாக்டர் விளக்கைத் திருப்பினார். கூரான கம்பியால் ஒட்டின இடத்தை வருடினார். தட்டினார். விரலால் அசைத்துப் பார்த்தார். இடுக்கு இருந்தால் காட்டிக்கொடுக்கும் சாயத்தைத் தடவிக் கழுவிவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

மருமகள் சுவரை விட்டு நகர்ந்து கிட்டே வந்தாள்.

"என்னாச்சு டாக்டர்? விட்டுடுச்சா?"

"விடறதா? எங்க ஒட்டினேன்னு எனக்கே தெரியலம்மா!" டாக்டர் சிரித்தார். "துளி ஆட்டம் இல்ல. சாயம் எங்கேயும் உள்ள இறங்கல. தாராளமா மத்தவங்களை வரச் சொல்லலாம்."

அடக்கிவைத்திருந்த மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள் மருமகள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் மாமியாரின் தோளைத் தட்டினார். "நீங்களும் சொன்ன மாதிரியே ஜாக்கிரதையா இருந்திருக்கீங்க."

"அட, நீங்க வேற! ஐஸ் கட்டி கடிச்சேன். சோளம் கடிச்சேன். பாதாங்கொட்டையை ஓட்டோட கடிச்சேன். இன்னிக்குக் காலையில சோடா மூடியைக்கூடத் திறந்து பார்த்தேன்."

"பல்லாலயா?" டாக்டரின் கையிலிருந்த கண்ணாடி நழுவப் பார்த்தது.

"கேட்டீங்களா டாக்டர்! நான் சொன்னா எங்க வீட்டுல யாரு நம்பறாங்க?" மருமகள் எழுந்தேவிட்டாள். "ஏன் அத்தை? உங்களுக்கு நான் அப்படி என்ன கெடுதல் பண்ணினேன்?"

மாமியார் சாவகாசமாக வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வர்றவங்க எல்லாம் சொன்ன பேச்சைக் கேப்பாங்களா? எவனாவது எதையாவது கடிக்கத்தான் செய்வான். அவன் வாயில விழுந்தா, உன் பசை சரியில்லம்பாங்க. என் வாயில விழுந்தா, மாமியார்க்காரி வேணும்னே உடைச்சிட்டாம்பாங்க. பழி என்னோட போயிடுமில்ல?"